பகலில் ஓடிய இருட்டு

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம், கல்வராயன் மலையில் பட்டப்பகலில் ஒரு துண்டு இருட்டு ஓடித் திரிந்தது. ஒரு மாட்டுவண்டி அகலம் இருக்கும். அது சாமைக் கொல்லைகளைக் கடக்கும்போது மேய்கிற கோழிகள் அடையப் போயின, கடந்ததும் குழம்பி வெளியே வந்தன. உள்ளே யாரோ மூச்சிரைக்க ஓடுவது மட்டும் கேட்டது. மலைக்காரர்கள் மழைக்கு ஒதுங்குவதுபோல ஒதுங்கி நின்றார்கள். அந்த வருஷம் சாமை விளைச்சல் சுமார்தான்.

கீழே, சங்கராபுரத்துக்குப் பக்கத்து ஊரில், கண்ணகி கண்ணை மூடும்போதெல்லாம் கனவில் இருட்டுக்குள் ஓடினாள். அவள் புருஷன் கொளஞ்சியப்பன், புளியமரத்தை வெட்டி ரோட்டில் போட்ட கூட்டத்தோடு நின்றவன். போலீஸ் வேனைக் கண்டதும் எல்லாரும் கரும்புக் கொல்லைக்குள் ஓடினார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வீடு திரும்பினார்கள். பொங்கலுக்கு முன்னால் அந்த ஊர்க்காரர்கள் மேலிருந்த வழக்குகளும் வாபஸ் ஆயின. அவன் மட்டும் வரவில்லை, கனவுதான் வந்துகொண்டிருந்தது. கண்ணகி விழிக்கும்போது அவள் உள்ளங்காலில் முள் தைத்திருக்கும். மாமியார் சின்னப்பொண்ணு அதை ஊக்கால் எடுத்துப் போடுவாள்.

அந்த வட்டாரத்தில் கனவுக்கு அர்த்தம் சொல்பவர் அம்மாசி. பல் விளக்காமல், வழியில் யாரிடமும் வாய் திறக்காமல் வந்து சொன்னால்தான் கேட்டுக்கொள்வார்.

“தொரத்தனவன் மூஞ்சி தெரிஞ்சுதா?”

“பாக்கல மாமா. ஆனா ஓடுற காலு என்னுது இல்ல. கட்டவெரல் இல்லாத காலு.”

கொளஞ்சியப்பனின் இடது கால் கட்டைவிரல் கரும்பாலையில் போனது ஊருக்கே தெரியும். உடம்பை விட்டவன்தான் அடுத்தவர் கனவில் தன் காலோடு அலைவான் என்று அம்மாசி மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு அவரே அழுதார்.

“செத்தவன் காலுல இன்னாத்துக்கு மாமா முள்ளு குத்துது?” என்று கண்ணகி கேட்டாள். அம்மாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு கனவை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். ஆனால் அதற்குள் உறவுக்குச் சொல்லியாகிவிட்டது. கருமாதிக்கு நாள் குறித்தார்கள். தாலியைக் கழற்ற அவள் சம்மதிக்கவில்லை. அழுது முடித்ததும் சம்மதிப்பாள் என்று பெரியவர்கள் பந்தலுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

மலையிலிருந்து புளி விற்க வந்த சாலம்மாள் பந்தலைப் பார்த்துக் கல்யாணமா என்று விசாரித்தாள். விஷயத்தைக் கேட்டதும் கூடையை இறக்கி வைத்தாள்.

“கட்டவெரல் இல்லாத காலா? எங்க கொல்லையில இருட்டு ஓடுன எடத்துல தெனமும் அந்தத் தடந்தாங்க கெடக்குது.”

கண்ணகி உடனே அவளோடு கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள். மறுநாள் உச்சிவெயிலில் சாலம்மாளின் கொல்லைக்கு இருட்டு வந்தது. கண்ணகி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்திலேயே ஓடினாள்.

“யோவ், நில்லுய்யா! கேச வாபஸ் வாங்கிட்டாங்க!”

“போலீசு பொம்பள கொரல்லகூட கூப்புடும்,” என்று உள்ளிருந்து பதில் வந்தது.

“எங்கண்ணன் கல்யாணத்துல மூணு பந்தி குந்திட்டு, வூட்டுக்கு வந்து பசிக்குதுன்னியே, அது போலீசுக்குத் தெரியுமா?”

ஓட்டம் தளர்ந்தது.

“ரெண்டு பந்திதான்,” என்றது குரல். பிறகு நின்றது.

இருட்டும் நின்றது. அவள் உள்ளே போய்த் தடவித் தடவி அவன் கையைப் பிடித்தாள். அவன் அங்கேயே அவள் மடியில் சாய்ந்து தூங்கிப்போனான். அதன்பிறகு அவள் கனவில் ஓடவில்லை. இருட்டு மட்டும் அவனை விட்டுப் போகவில்லை, கொஞ்சம் வெளிறியது, அவ்வளவுதான். இருவரும் வீடு திரும்பியபோது, பந்தல் வாடகை வீணாகக்கூடாது என்று ஊருக்குச் சோறு போட்டார்கள். அடுத்த வருஷங்களில் அக்கம்பக்கத்துப் பெண்கள் பகலில் தூங்காத கைக்குழந்தைகளை அவன் பக்கத்தில் கிடத்திவிட்டுக் களையெடுக்கப் போனார்கள்.

இருட்டில் ஓடுகிற கனவோடு வருபவர்களிடம் அம்மாசி இப்போது நீட்டி முழக்குவதில்லை. “யாரோ ஓடிக்கினு இருக்காங்கன்னு அர்த்தம். போய்க் கூப்புடுங்க,” என்பார். வேறு ஊர்களிலிருந்தும் பெண்கள் மலைக்குப் போய், தங்கள் ஆட்களை இருட்டோடு கூட்டிவந்தார்கள். மலையிலிருந்து இறங்கும் மத்தியான பஸ்ஸில் விளக்கைப் போட்டுக்கொண்டு டிக்கெட் கிழிக்கக் கண்டக்டரும் பழகிவிட்டார்.