இடது சக்கரத்து எண்ணெய்

என் புருஷன் தேவதாசனைப் ரப்பர்பால் நிறுக்கிற கொட்டிலின் தூணில் கட்டிவைத்து அடித்தபோது முதலில் உடைந்தது அவருடைய முன்பல். சக்கர ஆணி கழற்றுகிற இரும்புக் குழாயால் அடித்தவன் அவருடைய கூட்டாளி அழகமுத்து. அவனைக் குறை சொல்ல அப்போது எனக்கு வாயில்லை. பத்தடி தள்ளி, சாக்கு போட்டு மூடிக் கிடந்தவள் அவன் பெண்சாதி கருப்பாயி. அரை மணி நேரத்துக்கு முன்னால் என் புருஷன் ஓட்டிய ட்ரெக்டர் ஏற்றத்தில் நின்றுபோய், ரப்பர்பால் பீப்பாய்கள் நிறைந்த ட்ரெய்லரோடு பின்பக்கமாக உருண்டு வந்து, அவளைக் கொட்டில் சுவரோடு வைத்து நசுக்கியிருந்தது.

“கசிப்புச் சாராயத்தக் குடிச்சிட்டு ஓட்டியிருக்கான்!” என்று கத்தினான் சதீஸ். கருப்பாயியின் தம்பி அவன். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள்.

அது தொண்ணூற்றேழாம் வருஷம், மார்ச் மாதம், எங்களுக்குத் தவக்காலம். மற்ற நாட்களில் என் புருஷன் குடிப்பார், நான் மறைக்கவில்லை. ஆனால் சாம்பல் பூசிய நாளிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை ஒரு சொட்டுத் தொடமாட்டார். பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள். யாரிடம் போய்ச் சொல்ல?

மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்த நான், கையில் வெட்டுக் கத்தியோடேயே ஓடி வந்திருந்தேன். குழாய் இரண்டாம் முறை அவர் விலாவில் விழுந்தது. அவர் முனகினாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே, பிரேக் பிடிக்கவில்லை என்று!

அந்த ட்ரெக்டரின் நோய் எனக்கு மனப்பாடம். வருஷக் கணக்காக அதைத்தான் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டோம். முதலில் ஏற்றத்தில் கியர் தானாகவே கழன்று வந்தது. ஒரு கையால் கியர்க் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். பிறகு எண்ணெய் குறைய ஆரம்பித்தது. கம்பியை விட்டு அளந்தால் வாரத்துக்கு ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுக் கிடக்காது. பானையில் ஓட்டை இல்லை, அரிசி மட்டும் குறைகிறது. நாலு ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கடியில் படுத்துக் கிடந்து கடைசியில் கண்டுபிடித்தார். இடது பின்சக்கரத்துப் பக்கம் கருகிய வாடை. அச்சைச் சுற்றி எண்ணெயை அடைத்து வைக்கிற சீல் என்ற வளையம் தேய்ந்து, கியர் எண்ணெய் முழுவதும் பிரேக் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. எண்ணெயில் ஊறிய பிரேக் என்னத்தைப் பிடிக்கும்?

புது சீல் கேட்டுத் தோட்டத்து ஆபீசில் மூன்று முறை எழுதிக் கொடுத்தார். “கொழும்பிலிருந்து வரும்” என்றார்கள். வரவில்லை. திடீரென்று ஒருநாள் சிரித்துக்கொண்டு வந்தார், ஒழுக்கு நின்றுவிட்டது என்று. “எப்பிடிங்க?” என்றேன். “கடைவீதியில ஒரு வளையம் கெடச்சிச்சு” என்றார். மூன்று வாரம் எண்ணெய் குறையவே இல்லை. நானும் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். அந்த வளையம்தான் மறுபடி விட்டுப்போயிருக்க வேண்டும்.

இப்போது மூன்றாம் அடிக்குக் குழாய் உயர்ந்தது. நான் குறுக்கே விழுந்தேன்.

“அடிக்காதீங்கண்ணே! இவரு குடிக்கல. பிரேக்குதான் விட்டுப்போச்சி. இடது சக்கரத்தத் தொறந்து பாருங்க!”

சதீஸ் என் கொண்டையைப் பிடித்து இழுத்தான். நான் யோசிக்கவில்லை. கத்தியை வீசினேன். அவன் முன்கையில் பட்டை சீவின மாதிரி வெட்டு விழுந்து, இரத்தம் என் முகத்தில் தெறித்தது. உப்பாக இருந்தது. கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

“இன்னும் ஒருத்தன் கிட்ட வந்தா கழுத்துலதான் போடுவேன்” என்றேன். போட்டிருப்பேன், சத்தியமாக.

அந்த நேரத்தில் உள்ளே வந்தவர் ஜுனைதீன் பாஸ். யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் கராஜ் வைத்திருக்கிற மெக்கானிக், அதனால் எங்களுக்கு ‘பாஸ்’. அன்றைக்கு ஃபெக்டரியில் ரப்பர் ஷீட் அழுத்துகிற ரோலர் மெஷின் பழுது பார்க்க வந்திருந்தார். கத்தியோடு நின்ற என்னையும் சதீஸின் கையையும் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்துச் சிங்களத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

“கட்டிப்போட்ட மனுசன் எங்க ஓடப் போறான்? அரை மணித்தியாலம் குடுங்க. தொறந்து பாப்பம். குடிச்சவன்னா பொறகு அடிச்சிக் கொல்லுங்க” என்றார்.

“தொறக்க வேணாம்!” என்று அலறினான் அழகமுத்து.

“வேணாம் மெட்டில்டா, விட்டுரு” என்றார் என் புருஷனும், இரத்தம் ஒழுகிய வாயால்.

அடிக்கிறவனும் வேண்டாம் என்கிறான், அடிபடுகிறவரும் வேண்டாம் என்கிறார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது ஆத்திரக்காரிக்கும் சேர்த்துத்தான்.

“தொறங்க பாஸ்!” என்றேன்.

அவர் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பெட்டியைச் சுத்தியலால் தட்டி இழுத்ததும், கறுப்பு எண்ணெய் மடமடவென்று மண்ணில் கொட்டியது. பிரேக் கட்டைகள் விளக்குத்திரி போல ஊறிக் கிடந்தன. கருப்பாயியின் சாக்குக்குக் கீழேயிருந்து வந்த இரத்தமும் அந்த எண்ணெயும் ஒரே பள்ளத்தில் போய்ச் சேர்ந்தன.

“குடிச்சது ஆளில்ல, பிரேக்குதான்” என்றார் ஜுனைதீன் பாஸ். அத்தோடு விட்டிருக்கலாம். திருப்புளியை உள்ளே விட்டுக் கிண்டி, கூழாகிப்போன ஒரு கட்டியை வெளியே இழுத்தார்.

“எந்த மடையன் வச்சது இத? இது ரப்பர் ஷீட்டு. எண்ணெயக் குடிச்சா மொதல்ல ஊதும். ஊதி அடைச்சிக்கும், ஒழுக்கு நின்ன மாதிரி காட்டும். பொறகு கரைஞ்சி இப்பிடி ஆகிரும்.”

எங்களில் யாராக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். கூரை ஒழுகினால் ரப்பர், வாளி ஒழுகினால் ரப்பர், செருப்பு அறுந்தால் ரப்பர். ரப்பரால் அடைக்க முடியாத ஓட்டை உலகத்தில் இல்லை என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள்.

பாஸ் கட்டியைத் துணியால் துடைத்தார். எண்ணெய் படாத ஓரத்தில் ரோலர் பதித்த வரிகள் தெரிந்தன. புகையில் காய்ந்த பழுப்பு நிறம் தெரிந்தது. எங்கள் தோட்டத்துப் புகைவீட்டு ஷீட். அதில் உள்ளங்கை அகலம் எடுத்தாலும் வேலை போகும், பொலிசும் வரும். அந்தப் புகைவீட்டுச் சாவி இருந்தது ஒரே ஆளின் இடுப்பில். அழகமுத்துவின் இடுப்பில்.

“யாரு குடுத்தது இத?” என்றான் சதீஸ்.

“நான்தான் களவெடுத்தேன்” என்றார் என் புருஷன்.

நான் அழகமுத்துவைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கை இடுப்புச் சாவியைப் பொத்தியிருந்தது.

சதீஸ் அவன் கையிலிருந்த குழாயைப் பிடுங்கினான். “களவெடுத்த சாமானப் போட்டு எங்கக்காவக் கொன்னியாடா?” என்று ஓங்கி அடித்தான். தூணோடு கட்டியிருந்த வலது முழங்கையில் விழுந்தது அடி. எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. என் புருஷன் அப்போதுதான் முதல்முறையாக அலறினார்.

அதற்குப் பிறகுதான் அழகமுத்துவுக்குப் பேச்சு வந்தது.

“நிப்பாட்டுடா சதீஸ்! ஷீட்ட வெட்டிக் குடுத்தது நான். அவன் கேக்கக்கூட இல்ல. ‘ரப்பர் தோட்டத்துல ரப்பருக்கா பஞ்சம்’னு நானாத்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். எனக்கு வேலை போயிரும்னு இவன் வாயத் தொறக்கல.” சாவியை அவிழ்த்து எண்ணெய்ப் பள்ளத்தில் எறிந்தான். “அடிக்கிறதுன்னா என்னை அடி.”

சதீஸ் அடித்தான். தோளில், முதுகில், தலையில். யாரும் தடுக்கவில்லை. கத்தி என் கையில்தான் இருந்தது, நானும் தடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. அழகமுத்து விழுந்து, கருப்பாயியின் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். பால் காய்ந்து ஒட்டியிருந்த கால். “அவன விடுங்கடா, அவன விடுங்கடா” என்று கத்திக்கொண்டிருந்தவர் என் புருஷன் ஒருவர்தான். அந்தக் குரலைப் பொறுக்க முடியாமல்தான் நான் போய்ச் சதீஸின் தோளைப் பிடித்து இழுத்தேன். பிறகு கயிற்றை அறுத்தேன்.

பதினோரு நாள் கழித்துக் கொழும்பிலிருந்து சீல் வந்தது. சின்ன அட்டைப்பெட்டி. அதைப் பூட்டி ஓட்ட வேறு ட்ரைவர் வந்தான். என் புருஷனின் பல் போன இடம் ஆறிவிட்டது, விலாவும் ஆறிவிட்டது. அழகமுத்து அடித்த அடி எதுவும் இன்றைக்கு அவர் உடம்பில் இல்லை. அவன் வாய்மூடி நின்ற நேரத்தில் விழுந்த அந்த ஓர் அடி மட்டும் இருக்கிறது. வலது கை மடங்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அழகமுத்து எங்கள் லயத்து வீட்டுக்கு வருவான். விறகு பிளந்து கொடுப்பான், தேவதாசனுக்குச் சவரம் செய்துவிடுவான். அவர் இடது கையால் கோப்பையை நீட்டுவார், நான் இருவருக்கும் பிளேன்டீ ஊற்றுவேன்.

“என்னைய மன்னிச்சிட்டியா மெட்டில்டா?” என்று ஒருநாள் கேட்டான்.

“இல்லண்ணே. டீயக் குடிங்க, ஆறிப்போகுது” என்றேன்.