வெள்ளையம்மா கடையில் விட்ட முயல்

கோழி அறுக்கிறவளிடம் முயலைப் பார்த்துக்கொள்ளக் கொடுக்கிற பைத்தியக்காரி ஓசூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்ன செய்வது, எங்கள் லைன் வீட்டில் என் புருஷன் மூர்த்தி பயப்படுகிற ஒரே ஆள் வெள்ளையம்மா அக்காதான். சிப்காட்டில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவன் அவன். வீட்டுக்கு வந்தால் என்னையும் தகடு மாதிரி அடிப்பான். அக்காவின் கோழிக்கடையைத் தாண்டும்போது மட்டும் வாய் பேசாமல் போவான்.

மத்தூரில் என் தங்கை தர்ஷினிக்கு வளைகாப்பு. போகட்டுமா என்று கேட்டபோது, "போ. முயல் இங்கதான் இருக்கணும்" என்றான். முயல் அவனிடம் இருந்தால் நான் சொன்ன நாளில் ஓடி வந்துவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். போன தடவை அம்மா வீட்டில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டேன். திரும்பி வந்து, பசியில் அவன் வைத்திருந்த குழம்பை ஊற்றிச் சாப்பிட்டேன். கோழி நன்றாக வெந்திருக்கிறது என்று வேறு சொன்னேன். "கோழியா? போய்க் கூண்டப் பாரு" என்று சிரித்தான்.

அதற்குப் பிறகு ராயக்கோட்டைச் சந்தையில் நான் வாங்கி வந்ததுதான் சீனி. இதையும் அவன் கையில் விட்டுவிட்டு நான் எப்படிப் பஸ் ஏறுவேன்?

காலையில் கூண்டோடு அக்கா கடைக்குப் போனேன். என் இடது கை கட்டுப்போட்டுத் தொங்கியது. போன வாரம் கதவு நிலையில் வைத்து அவன் முறுக்கியதில் எலும்பு விரிசல் விட்டிருந்தது.

"இத எப்படிப் புடிக்கறது?" என்று கேட்டுக்கொண்டே அக்கா சீனியைத் தூக்கினாள். இடது கை பின்னங்கால்களைச் சேர்த்துப் பிடித்தது. வலது கைக் கட்டைவிரல் தானாகக் கழுத்தைத் தேடிப் போனது.

"அக்கா! கழுத்த வுடுங்க!"

"பழக்கம்டி. அறுக்கறதா வளக்கறதான்னு கைக்கு எப்படித் தெரியும்?"

நெஞ்சுக்கு அடியில் ஒரு கை, பின்பக்கத்தைத் தாங்கி ஒரு கை என்று காட்டினேன். காதைப் பிடிக்கக் கூடாது, ஈரப் புல் போடக் கூடாது என்றேன். ஆள் வரும்போதெல்லாம் ஒரு கோழியை அறுத்து டிரம்மில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி தூக்கிப் பழகினாள். டிரம்மில் கோழி துடிக்கிற சத்தத்துக்குச் சீனி வெடவெடத்தது. கடைசியில் அவள் மடியில் அடங்கி உட்கார்ந்தது.

"நெஞ்சு என்னமா அடிச்சுக்குது பாரு! இத்தன வருசமா அறுக்கறன், இதக் கவனிச்சதே இல்ல" என்றாள்.

அப்போதுதான் நைட் ஷிப்ட் முடித்து, குடித்துவிட்டு மூர்த்தி வந்தான். கூண்டு வைத்த இடம் காலியாகக் கிடப்பதை வீட்டில் பார்த்திருப்பான். அந்த வெறியில் அக்கா மேலிருந்த பயமும் போய்விட்டது. ஒரே எட்டில் வந்து, அவள் மடியிலிருந்து சீனியைக் காதைப் பிடித்துத் தூக்கினான். கோழி முக்குகிற வெந்நீர் அண்டாவுக்கு மேலே நீட்டினான்.

"ஊருக்குப் போவியா?"

சீனி கத்தியது. முயல் கத்தும் என்பதே பல பேருக்குத் தெரியாது. கத்தினால் பச்சைக் குழந்தை கத்துகிற மாதிரியே இருக்கும்.

"போகல. குடுத்துருங்க."

"கால்ல வுழுந்து சொல்லு."

விழுந்தேன். கட்டுப்போட்ட கையிலேயே உதைத்தான். கண் இருண்டது. அந்த நேரம் சீனி பின்னங்காலை உதறி அவன் மணிக்கட்டைக் கிழித்தது. அவன் கை தளர, அண்டாவைத் தாண்டித் துள்ளி, பக்கத்து இறகுக் குப்பையில் விழுந்து உயிர் பிழைத்தது. திரும்புவதற்குள் அக்கா அவன் இரண்டு கைகளையும் பின்னால் இழுத்து, கோழி இறக்கையைப் பின்னுவதுபோல் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிவிட்டாள்.

"அசைஞ்சன்னா ஒடச்சிருவன்" என்றாள்.

கறி வாங்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூர்த்தி என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

"எங்க போனாலும் வூட்டுக்கு வந்துதான ஆவணும்? வா. மொதல்ல முயலு, அப்பறம் நீ."

அண்டாவிலிருந்து ஒரு சொம்பு மொண்டேன். என்னை உதைத்த காலில் நிதானமாக ஊற்றினேன். அவன் அலறியது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். எனக்குப் பாவமாக இல்லை. இனித்தது. இன்னொரு சொம்பு மொள்ளப் போனேன், அக்காதான் "போதும்டி" என்று தடுத்தாள்.

பிடியை விட்டதும் அவன் நொண்டிக்கொண்டே சுவரோரம் போய்ச் சரிந்தான்.

"நீ கெளம்பு, பஸ்ஸு போயிரும். முயல நான் பாத்துக்கறன். இப்பத்தான் நல்லாப் பழகிட்டனே" என்றாள் அக்கா.

நான் சீனியை எடுத்து ஒயர் கூடையில் வைத்து, முந்தானையால் மூடினேன். அவன் அதைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது, முகம் செத்துப்போயிற்று.

"அப்ப கூண்டு?" என்றாள் அக்கா.

"நீங்களே வெச்சுக்கங்கக்கா. கோழி அடைக்க ஆவும்."