கொட்டிய பழைய நீர்

வெள்ளிக்கிழமை திலகா செய்த தவறு சனிக்கிழமை காலைதான் தெரிந்தது.

மலேசியாவின் நீலாய் நகர ஆய்வுக்கூடத்தில் அவள் உதவியாளராகச் சேர்ந்து ஐந்து மாதம். ஆறு தட்டுகளில் எலிக்குஞ்சுகளின் மூளை நரம்புச் செல்கள் வளர்ந்துகொண்டிருந்தன. அவற்றின் ஊட்டநீரில் பாதியை மட்டும் எடுத்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். திலகா போர்டிக்சன் பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்தவள். வெள்ளிதோறும் சாமிச் செம்பின் தண்ணீரைச் சொட்டு மீதியில்லாமல் கொட்டிக் கழுவி நிரப்பும் வீடு. நேற்று அந்தக் கைப்பழக்கமே முந்திக்கொண்டது. தட்டுகளிலிருந்த எல்லா நீரையும் உறிஞ்சி எடுத்துவிட்டாள்.

இப்போது நுண்ணோக்கியில் நரம்பிழைகள் மணிமணியாக முடிச்சிட்டு அறுந்துகொண்டிருந்தன. வெளியே புகைமூட்டம் செம்பனைத் தோட்டத்து மர வரிசைகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. அவளுடைய வேலை ஒப்பந்தம் இம்மாதத்தோடு முடிகிறது. திங்கட்கிழமை ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் ராமகிருஷ்ணன் தட்டுகளைப் பார்த்துத்தான் அதை நீட்டிப்பார்.

"புதுத்தண்ணிதானேம்மா ஊத்தினேன்?" என்றாள் திலகா.

அடுத்த மேசை ஆய்வு மாணவி ஹஃபீஸா எட்டிப் பார்த்தாள். "ஐயோ அக்கா, சாப்பாட்டையே கொட்டிட்டீங்களே! நரம்பு தனியா பிழைக்காது. கூட இருக்கிற துணைச்செல்லுங்க கசியவிடுற சத்துலதான் அது உயிரோட இருக்கும், வளரும். அந்தச் சத்து மறுபடி ஊற ரெண்டு மூணு நாளாகும்."

"அதுவரைக்கும்?"

ஹஃபீஸா குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்தாள். அவள் துணைச்செல்களை மட்டும் தனியே வளர்த்து, அவற்றின் சத்து கசிந்த நீரை மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்தாள்.

"வேணாம்மா. அது உன் ஆராய்ச்சிக்கு."

"இன்னொரு மூணு வாரம் ஆகட்டும். நான் நோன்பு இருந்த மாசம் பூரா என் முன்னால நீங்க தண்ணிகூடக் குடிக்கல. தட்டைத் தள்ளுங்க."

இரண்டு நாளும் திலகா அந்த உயிர்களுக்காக வேண்டிக்கொண்டாள். அவற்றுக்காகச் செத்த எலிக்குஞ்சுகளுக்காகவும்.

திங்கட்கிழமை நான்கு தட்டுகளில் வெறும் தூசிபோல் சிதறல். இரண்டில் மட்டும், அறுந்த இடத்திலிருந்து மெல்லிய புது இழைகள்.

ஆறையும் அவளே டாக்டர் முன் வைத்தாள். "நான்தான் சார் எல்லாத்தையும் கொட்டினேன். இந்த ரெண்டும் ஹஃபீஸா கொடுத்த நீரால பிழைச்சது."

அவர் வெகுநேரம் நுண்ணோக்கியில் குனிந்திருந்தார்.

"இனிமே பாதிதான் எடுக்கணும், திலகா," என்றார், ஒப்பந்தத் தாளை இழுத்துவைத்துப் பேனாவைத் தேடிக்கொண்டே.