லிஃப்ட் கூரையில் மிட்டாய் டப்பா

மிட்டாயை ஒளித்துவைக்க வீட்டில் பரண் உண்டு, பீரோ உண்டு. லிஃப்ட் மெக்கானிக்கின் புத்தி மட்டும் அங்கெல்லாம் போகவில்லை. தான் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டின் கூரைமேல் கொண்டுபோய் டப்பாவை வைத்தார். மகளுக்கு எட்டாத இடம் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். லிஃப்ட் குலுங்கியதில் டப்பா நகர்ந்து, கூரையிலிருந்த நிறுத்தும் பொத்தானில் போய் முட்டியது. மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில், உள்ளே இருந்த பக்கத்து வீட்டு டீச்சரம்மா திரிசங்குவாகத் தொங்கினார்.

"யாருப்பா வெளியில, மெக்கானிக்கா?"

"நான்தான் டீச்சரம்மா. சின்னக் கோளாறு."

"எதுல?"

"மண்டையில. என் மண்டையிலதான்."

பொத்தானை விடுவித்து, டப்பாவோடு அவர் லிஃப்ட் கூரையிலிருந்து நான்காவது மாடிக்கு ஏறி வந்தபோது மகள் படிக்கட்டருகே நின்றிருந்தாள். ஒன்பது வயது. சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் டப்பாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவள் தாயோடு வேறு ஊரில் இருப்பவள். லீவு விட்டால்தான் இவரிடம் வருவாள். வந்த அன்றே டப்பா நிறைய மிட்டாய் வாங்கி வைத்திருந்தார். கடற்கரைக்குப் போகலாம் என்று செருப்பை மாட்டினால் எங்காவது ஒரு லிஃப்ட் நின்றுவிடும். கை நிறைய மிட்டாயை அள்ளிக் கொடுத்து, "இதோ வந்துடறேன் குட்டி" என்று ஓடுவார். திரும்பும்போது விளக்கு போட்டிருக்கும். தரையெல்லாம் மிட்டாய்க் காகிதம். இப்படியே போய், முந்தாநாள் குட்டி வாந்தியெடுத்துப் படுத்துவிட்டாள்.

அவள் அம்மா போனில் திட்டக்கூட இல்லை. அதுதான் அவருக்கு உறைத்தது. "தட்டுல போட்டு மேசைமேல வையுங்க. சாப்பிட்டதும் ஒண்ணு, அதுவும் அவளே பார்த்து எடுத்துக்கட்டும். ஒளிச்சு மட்டும் வைக்காதீங்க."

"சரி, சரி," என்றார். போனை வைத்ததும் ஒளித்தார்.

விடிந்தால் அவள் ஊருக்குப் போகிறாள். அடுத்த லீவுக்கு வருவாளா என்று இரண்டு முறை கேட்டாகிவிட்டது. இரண்டு முறையும், "அம்மாகிட்ட கேட்கணும்ப்பா." அந்த அம்மா வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

உள்ளே குட்டி துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். டப்பாவிலிருந்ததைத் தட்டில் கொட்டி அவள் முன்னால் வைத்தார். லிஃப்ட் கூரையின் சூட்டில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.

"எடுத்துக்கோ."

"வேணாம்ப்பா."

"அம்மாகிட்ட இருந்தா ஒண்ணோட நிறுத்திக்கிறியாமே? இங்க வந்தா மட்டும் ஏன் அப்படி வாரி வாரித் தின்னே? அப்பா கையால கொடுத்தா அவ்வளவு ருசியா?"

நகைச்சுவை எடுபடவில்லை. அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை. போன் அடித்தது; ஏதோ ஒரு லிஃப்டாகத்தான் இருக்கும். எடுக்காமல் கவிழ்த்து வைத்தார். அது அடித்து ஓயும்வரை குட்டி அதையே பார்த்திருந்தாள்.

"அடுத்த லீவுக்கு வருவியா குட்டி? அம்மாவை விடு. நீ சொல்லு."

அவள் கடைசிச் சட்டையை மடித்தாள். அவசரப்படவில்லை.

"அங்க தட்டு மேசையிலயே இருக்கும்ப்பா. இன்னைக்கு எடுக்கலன்னாலும் நாளைக்கு இருக்கும், அதனால ஒண்ணு போதும். இங்க எதுவும் நாளைக்கு இருக்குமான்னு தெரியல. நீங்க இருப்பீங்களான்னும் தெரியல. தனியா உட்கார்ந்து தின்னுட்டே இருந்தேன்." பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "நான் வரலப்பா."