எந்த விளக்கில் டோர்தே?

1.

“இதுவாய்யா என் மூஞ்சி? அடுப்புக்கரி மாதிரி இருக்கேன்!”

“மேல் விளக்கப் போட்டுப் பாரு, டோர்தே. நல்லாத்தான் இருக்கே.”

“மேல் விளக்கா? இது வீடா, ஆஸ்பத்திரியா?”

கதை பிறந்தது இங்கேதான். ஆர்ஹூஸ் நகரில் எங்கள் தெருவில் யாரும் சன்னலுக்குத் திரை போடுவதில்லை. நானாகப் பார்க்கவில்லை, எதிர்வீடு கண்ணில் பட்டது. (காதில் விழுந்ததற்கு, என் சன்னலை நான் திறந்துவைத்ததும் ஒரு காரணம்.)

2.

யெப்பே புகைப்படக்காரன். கட்டிக்கொள்ளப்போகிற டோர்தேயின் படத்தைத் தன் வேலையறையின் வெள்ளை வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து அச்சிட்டிருந்தான். அங்கே அவள் சிரித்தாள். இவள் வீட்டிலோ மற்ற வீடுகளைப் போலவே இரண்டு மெழுகுவத்தி, மூலையில் ஒரு மஞ்சள் விளக்கு. சிரிப்பைக் காணோம்.

“என் சுவர்ல நான் நானாத் தெரியணும். அப்புறம் கல்யாணத் தேதி குறிக்கலாம்.”

அன்றுதான் டோர்தே முதன்முறையாக அவனைச் சந்தேகத்தோடு... இல்லை, அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் மனசுக்கு மட்டும் திரை உண்டு.

3.

அவன் வெளுப்பாக இன்னொன்று அச்சிட்டு வந்தான். மெழுகுவத்தியில் முகம் ஜொலித்தது. முத்தம்கூடக் கொடுத்தாள். (பட்டது, கண்ணில்.) காலையில் வெயில் வந்ததும் மாவில் புரட்டியெடுத்த மாதிரி ஆகிவிட்டது.

“ராத்திரி கரி, பகல்ல பேய். நீ யாரைத்தான்டா பார்த்தே?”

“படத்துக்கு மேல சின்னதா ஒரு விளக்கு மாட்டட்டுமா?”

“அறையே கெட்டுப்போகும்.”

“அப்ப உன்ன எந்த வெளிச்சத்துலதான் பார்க்கட்டும், சொல்லித்தொலை!”

இந்த இடத்தில் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவள் ஏதோ பதில் சொல்லிவிடுகிறாள். அது பொய்.

4.

முடிவு ஒன்று: அவன் அவளுடைய மங்கலுக்குப் பழகிக்கொள்கிறான். முடிவு இரண்டு: அவள் மேல் விளக்கைப் போடுகி—

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். வசந்தத்தில் டோர்தே வேறு ஊருக்கு, ஓடென்ஸேக்கு, குடிபோனாள். இலையுதிர்காலத்தில் யெப்பேக்குக் கல்யாணம். அந்த வாரம் பார்த்து நான் ஊரில் இல்லை! கீழ்வீட்டு இங்கர் கல்யாணப் படத்தை மாடிப்படியில் வைத்து நீட்டினாள். “அவதானே இது?” என்று என்னையே கேட்கிறாள்.

படிக்கட்டு விளக்கில் டோர்தேதான். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனால் மூக்கு வேறு யாருடையதோ. திரும்பி வந்தேன்; சில நிமிஷமே எரியும் படிக்கட்டு விளக்கு, நேரம் முடிந்து தானாக அணைந்தது. நீங்கள் எந்த வெளிச்சத்தில் படிக்கிறீர்களோ, அதில் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்.