சீனிக்குப் பன்னிரண்டு மணி நேரம்

...பன்னிரண்டு மணி நேரமாம், மனிதன் ஆறு மணி நேரம் தூங்கினாலே பெரிது, உள்ளங்கையில் அடங்குகிற இந்தக் கொண்டைக் கிளிக்குப் பன்னிரண்டு மணி நேர இருட்டு, பன்னிரண்டு மணி நேர அமைதி, தினமும் ஒரே நேரத்தில்... பத்துமலை கூண்டின்மேல் கறுப்புத் துணியை இழுத்துவிட்டார், மூலையில் மட்டும் ஒரு விரல் இடைவெளி, காற்று வேண்டும், ஆனால் வெளிச்சம் கூடாது, அதற்காகக் கும்மிருட்டும் கூடாது, பயந்துவிடும், இது பறவையா பரீட்சையா? தோட்டத்தில் பிறந்தவர் அவர், விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணுகிற வரிசைக்கு, பெயர் கொடுக்க மணி அடித்தால் தோட்டம் முழுக்கப் பதறி எழும், அன்றைக்கு யாராவது பன்னிரண்டு மணி நேரம் கேட்டார்களா? மகள் ஷர்மினிக்குப் பிரசவம் என்று மங்களம் கோலாலம்பூருக்குப் போய் மூன்று வாரமாகிறது, முப்பத்தைந்து வருடக் கணவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கிளி சீனியைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனாள். தினமும் காலையில் வீடியோ கால் வேறு. முதல் நாள், "நெஞ்சைக் காட்டுங்க" என்றாள், இவரும் கொஞ்சம் உருகிப்போய் கைப்பேசியைக் கீழே இறக்கினார், "உங்க நெஞ்சை யாரு கேட்டா, சீனி நெஞ்சைக் காட்டுங்க" என்றாள்... அந்த நெஞ்சில்தான் வினையே. பத்து சென் காசளவு இருந்த மொட்டை இப்போது ஐம்பது சென் அளவுக்கு வந்துவிட்டது, தன் இறகைத் தானே பிடுங்கிப் போடுகிறது. "தூக்கமில்லாத எரிச்சல்தான் சார், இப்படியே விட்டா அடுத்த வாரம் சதையைக் கொத்தும், அப்புறம் என்னால ஒன்னும் செய்ய முடியாது" என்று பறவை டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை மங்களம் வருகிறாள். இன்று செவ்வாய்.

இரவு ஏழரை. துணிக்குள் சீனி குச்சியில் நகர்ந்து ஓர் ஓரமாக ஒடுங்குகிற சத்தம், அப்பாடா, என்று அவர் காலை எடுத்து வைக்கிறார், வெடிக்கிறது... "பக்தகோடிப் பெருமக்களே! இந்த நான்கு ஒலிபெருக்கிகளையும் உபயமாக வழங்கியவர், நமது ஆலயத் தலைவர், சமூகச் செம்மல், உயர்திரு பத்துமலை அவர்கள்!" துணிக்குள் படபடவென்று இறக்கை கம்பியில் அடிக்கிறது, ஒரு கிறீச், பிறகு மூச்சு வாங்குகிற அமைதி. ஆடி மாதம், அரை மணிக்கு ஒரு தடவை அவர் பெயர் வரும், வர வேண்டும் என்று அவரேதான் செயற்குழுவில் சொன்னார், நன்கொடையாளரைக் கௌரவிக்காத சமுதாயம் எப்படி உருப்படும் என்று. இந்தத் தாமான் குடியிருப்பில் இரண்டு வரிசை தள்ளிக் கோயில், நான்கு திசைக்கு நான்கு குழாய், ஒன்று நேராக இந்தக் கூடத்தைப் பார்க்கிறது, அதுவும் அவர் சொல்லித்தான். சமூகச் செம்மல் பட்டம் எப்படி வந்தது என்பது வேறு கதை, மேடையில் பொன்னாடையை அவர்களே போட்டார்கள், வாங்கிக்கொண்டு போனது மட்டும்தான் இவர்... என்ன செய்வது இப்போது? எல்லாம் செய்து பார்த்தாயிற்று. ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து வைத்தார், மெத்தையையும் மீறி வந்தது. ஸ்டோர் அறைக்குள் கூண்டைத் தூக்கிப் போனார், மாலை போட்ட அவருடைய படங்கள் அங்கே சாய்ந்து கிடக்கின்றன, காற்றுத் துவாரம் வழியே அங்கேயும் உயர்திரு, அங்கேயும் செம்மல்.

போன் செய்யலாம். செயலாளர் யுவனேஸ்வரனுக்கு ஒரு போன், ஒரு நிமிட வேலை. ஆனால் எதிர்வரிசை தனேஸ்வரி இரண்டு தடவை வந்து நின்றாளே, ஆஸ்பத்திரியில் நர்ஸ், கேட்டுக்கு வெளியே நின்று, "பத்து மணிக்கு நைட் டியூட்டிண்ணே, சாயங்காலம் ஒரு ரெண்டு மணி நேரம் கண்ணை மூடணும்லா, கொஞ்சம் குறைச்சா போதும்" என்றாள், இவர் என்ன சொன்னார்? "சாமி காரியம்மா, அம்மன் சத்தத்துல தூங்கக் கத்துக்கணும்." அதோடு விட்டாரா? அடுத்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்து ஒரு மணி நேரம், நம் ஒலி, நம் உரிமை, கைதட்டல். இப்போது அதே வாயால், ஒரு கிளிக்காக... சிவபிரகாசம் காதில் விழுந்தால் போதும், வரும் கோயில் தேர்தலில் அவன்தான் எதிர்த்து நிற்கிறான், கிளித் தலைவர் என்று பேர் வைத்துவிடுவான். மறுபடி படபடப்பு. துணியைத் தூக்கிப் பார்த்தார், தரையில் நான்கு வெள்ளை இறகு, ஒன்றின் அடியில் சிவப்பாக ஒரு புள்ளி. அடுத்த வாரம் என்றாரே டாக்டர், இன்றைக்கே வந்துவிட்டதே... விரல் தானாக எண்ணை அழுத்திவிட்டது.

"யுவன், அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் பாருப்பா."

"என்ன தலைவரே, கேக்கலையா? கூட்டவா?"

"கூட்டாதே! நிறுத்து."

"தலைவரே, நீங்கதானா பேசுறது?"

"நானேதான்லா."

"ஏன் தலைவரே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

உடம்பு என்று சொல்லலாமா, சொன்னால் பத்துப் பேர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து மணியடிப்பார்கள், சீனி செத்தே போகும். "அந்த நர்ஸ் பொண்ணு இருக்குல்ல, தனேஸ்வரி, பாவம்லா, தூக்கமில்லாம ஊசி போட்டா நோயாளி கதி என்னாவறது? சமூகம்னா என்னப்பா, நாலு பேரு நிம்மதியா தூங்கறதுதானே சமூகம்..." வாய் பேசப் பேச உடம்பில் ஒரு சூடு, அட, நன்றாகத்தானே இருக்கிறது, இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை, முன்பிருந்தே இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாரோ? யுவனேஸ்வரன் நெகிழ்ந்துவிட்டான். நெகிழ்ந்தவன் சும்மா நிறுத்தினானா, கடைசியாக ஒரு தடவை முழுச் சத்தத்தில், "நமது தாமான் தாதியின் உறக்கத்தைக் கருதி, மனிதநேயச் சுடர், தலைவர் பத்துமலை அவர்களின் ஆணைப்படி, ஒலிபெருக்கி இத்துடன் நிறுத்தப்படுகிறது!" படபடபட. அப்புறம், டக்.

ஃப்ரிட்ஜ் உறுமுவது கேட்டது. சாக்கடையில் ஒரு தவளை. துணிக்குள்ளிருந்து மெல்ல, கறுக் கறுக் என்று அலகைத் தேய்க்கிற ஓசை, தூக்கம் வரும்போது அப்படித்தான் தேய்க்கும் என்று மங்களம் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தாள், மூன்று வாரத்தில் இன்றுதான் கேட்கிறார். அந்த நேரம் பார்த்து வாசலில் "அண்ணே... அண்ணே" என்று குரல், எங்கே மணியை அழுத்திவிடப் போகிறாளோ என்று செருப்புப் போடாமல் ஓடினார். தனேஸ்வரிதான், நைட்டிமேல் துண்டு, கண்ணுக்குக் கீழே கறுப்பு. கேட்டைத் திறந்தால் கிறீச்சிடும், திறக்காமலே நின்றார்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேண்ணே. நீங்க மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"அதெப்படிம்மா மறக்கும்" என்று கிசுகிசுத்தார்.

"ஏன்ணே, தொண்டை கட்டிருச்சா?"

"ஆமா, ஆமா."

"இது முன்னமே தெரிஞ்சிருந்தா மாத்தலுக்கு எழுதியே குடுத்திருக்க மாட்டேன். தைப்பிங் ஆஸ்பத்திரிக்குப் போட்டுட்டாங்க. மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்றோம், பிள்ளைங்க ஸ்கூலையும் மாத்தியாச்சு." அவள் சிரித்தாள், அவருக்கு ஆறுதல் சொல்வதுபோல. "பரவாயில்லைண்ணே, அது வரைக்குமாச்சும் தூங்குவேன்லா. போய்ப் படுக்குறேன்."

அவள் சாலையைக் கடந்து போனாள், அவர் உள்ளே வந்து இருட்டில் நின்றார், விளக்குப் போடக் கூடாது... மாதக் கடைசி என்றால் இன்னும் பதினெட்டு நாள், அதற்கப்புறம் யுவன் கேட்பானே, நர்ஸ்தான் போய்விட்டாளே தலைவரே, போட்டுவிடலாமா என்று, அப்போது யாரைச் சொல்வது? கைக்குழந்தை இருக்கிற வீடு ஏதாவது? நெஞ்சுவலிக்காரர் யாராவது? முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு வீடாக நினைவில் நடந்தார், இவர்கள் தேர் உபயம், இவர்கள் பால்குடம், இவர்கள் அன்னதான அரிசி, ஆறு வருடத் தலைவர், எல்லா வீடும் தெரிகிறது, எந்த வீட்டில் யார் தூங்காமல் கிடக்கிறார்கள் என்று ஒன்றுகூடத் தெரியவில்லை, விசாரிக்க வேண்டும், நாளைக்கே... என்று எண்ணிக்கொண்டு போனவர் பாதி வரிசையில் நின்றுவிட்டார். அவள் போகிறேன் என்று சொன்னதும் தனக்கு முதலில் தோன்றியது இதுதானா, அடுத்த மாதத்துக்கு வேறு யார் என்று? எதிரே தனேஸ்வரி வீட்டு ஜன்னலில் விளக்கு அணைந்தது. அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டார், இப்போது யாருக்காக என்று சரியாகத் தெரியாமல்.