ராசியான சீட்டு

விபத்து நடந்த அன்று யார் போன் செய்து கேட்டாலும் அவள் சொன்னது ஒன்றுதான்: "அந்தச் சீட்டுதான் எங்க குட்டியக் காப்பாத்துச்சு." சொன்னதில் தப்பில்லை. நாற்சந்தியில் ஒரு வேன் பக்கவாட்டில் வந்து மோதியதில் காரின் பின்கதவு உள்ளே மடங்கிப்போனது. குழந்தை சீட்டில் வாரோடு கிடந்த அவள் மகன், எட்டு மாதக் குட்டி, ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் பிழைத்தான். அந்தப் பேச்சு வாய்க்கு வாய் மாறி, உறவுக்காரர்களிடம் "ராசியான சீட்டு" என்று ஆகிவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவளுக்குத் திரைச்சீலை தைக்கும் கடையில் துணி வெட்டும் வேலை. எதையும் இரண்டு முறை அளந்துதான் கத்திரி வைப்பாள். சீட்டோடு வந்த கையேட்டையும் அப்படித்தான் இரண்டு முறை படித்தாள். மோதலில் சிக்கிய சீட்டை, வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், மறுபடி பயன்படுத்தக் கூடாது என்று போட்டிருந்தது. புதிது வாங்கியாயிற்று. பழையதை வெளியே வைத்தால் யாராவது தூக்கிப்போவார்கள். பழைய சாமான் கிடங்கில் தன் கண்முன்னால் நொறுக்கச் சொல்ல வேண்டும் என்று கார் கொட்டகையில் போர்வை போட்டு மூடி வைத்திருந்தாள்.

இன்று காலை போர்வை மட்டும் இருந்தது.

கணவனைக் கூப்பிட்டுக் கேட்டாள். தங்கச்சியையும் பிறந்த பிள்ளையையும் ஆஸ்பத்திரியிலிருந்து இன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள், சீட்டு இல்லாமல் காரில் ஏற்றக் கூடாதென்று சட்டம் இருக்கிறது, அவளே ஆசையாகக் கேட்டாள், கொடுத்தேன் என்றான். "ஒரு கீறல்கூட இல்லடி. துடைச்சுத்தான் குடுத்தேன்" என்று அதையும் ஒரு புண்ணியக் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

பட்டறையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த காரில், குட்டியைப் புதுச் சீட்டில் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

நாத்தனார் மூட்டை முடிச்சோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிறந்த பொடிசு பழைய சீட்டில் வாரோடு தூங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் வந்து பார்த்து, சீட்டு இருக்கிறது, கிளம்பலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம். சட்டம் கேட்டது அவ்வளவுதான்.

"வாங்க அண்ணி. மாமா பையன் படுத்த இடத்துல எப்படி ராஜாவாட்டம் படுத்திருக்கான் பாருங்க."

அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். நாத்தனாரின் முகம் சுருங்கியது. லாரி ஓட்டுகிற அவள் புருஷன் குனிந்து சீட்டைச் சுற்றிலும் தட்டிப் பார்த்தான். "விரிசல் எங்க தங்கச்சி? காட்டுங்க."

"காட்ட முடியாதுண்ணே. கண்ணுக்குத் தெரிஞ்சா நான் ஏன் ஓடி வரேன்? நீங்களே தூக்கி எறிஞ்சிருப்பீங்க."

"ராசியான பொருள் வீட்டைவிட்டுப் போறது உங்களுக்குப் பொறுக்கல. அதானே அண்ணி?" என்றாள் நாத்தனார்.

சுருக்கென்று தைத்தது. ராசி என்பதெல்லாம் சும்மா என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அந்தப் பேச்சுக்கு விதை போட்டதே தன் வாய்தானே.

"ராசி இருந்துச்சும்மா, இல்லேங்கல. அன்னிக்கு விழுந்த அடிய மொத்தமா அதுவே வாங்கிக்கிச்சு. இன்னொரு அடி தாங்க அதுக்குத் தெம்பு இருக்கான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உன் பிள்ளைய வச்சா அதைச் சோதிச்சுப் பாக்கறது?"

நாத்தனார் பொடிசைப் பார்த்தாள். பிறகு அவளாகவே வாரை அவிழ்த்து, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். இனி எப்படி வீட்டுக்குப் போவது என்று புருஷன் முனகுவதற்குள் அண்ணியின் கைப்பையிலிருந்து கடைக் கத்திரி வெளியே வந்துவிட்டது. தடித்த வார், ஒரே வெட்டில் அறுபடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அறுத்தாள்.

"கடைசில அதோட சீட்டையே கிழிச்சிட்டீங்களே தங்கச்சி" என்றான் லாரிக்காரன். பிரசவத் தையல் வலிக்க வலிக்க நாத்தனார் சிரித்தாள்.

புதுச் சீட்டு பிறந்த குழந்தைக்கும் பொருந்துகிற வகைதான். அதைத் தன் காரிலிருந்து கழற்றி, லாரிக்காரனின் காரில் முழங்காலிட்டு மாட்டி, அசையாமல் நிற்கும்வரை இழுத்து இறுக்கினாள். அவர்கள் கிளம்பிய பிறகு கணவனைக் கூப்பிட்டாள். "வண்டி ஆஸ்பத்திரி வாசல்ல நிக்குது. இன்னொரு புதுச் சீட்டு வாங்கிட்டு வந்து எடுத்துக்குங்க." அவன் ஏதோ கேட்கத் தொடங்குவதற்குள் போனை வைத்துவிட்டாள்.

குட்டியை இடுப்பிலும் பழைய சீட்டை முழங்கையிலும் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் காலடியில் கிடந்ததையே பார்த்துக்கொண்டு வந்தாள். "புதுசாட்டம் இருக்கே. வார்தானே போயிருக்கு, மாத்திக்கலாம். வேண்டாம்னா எனக்குக் குடுங்களேன்."

அவள் குட்டியை அந்தப் பெண்ணின் மடியில் கொடுத்து, கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கத்திரியை மறுபடி எடுத்தாள். உறையை வெட்டினாள். அடியிலிருந்த மெத்தையைப் பிய்த்தாள். உள்ளே வெறும் ஓடு. விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். எங்கும் ஒரு விரிசலும் தட்டுப்படவில்லை.

இன்னும் உறை பாக்கியிருந்தது. வெட்டிக்கொண்டே வந்தாள்.